நண்பகற் பேய்

உடலைப் பற்றும் நோய் தன் வரவை வலியால் உணர்த்தும். மருத்துவனை நாடச் செய்யும். உள்ளத்தைப் பற்றும் நோயோ இனிமையாய் வந்து, இருக்கை இட்டு அமர்ந்துவிடும். அத்தகைய நோய்களுள் ஒன்று சோம்பல். அது செல்வத்தை அழிப்பது, பெருமையைக் குறைப்பது என்று உலகோர் பழிப்பர். கிறித்தவச் சான்றோரோ, அதனினும் ஆழ்ந்து நோக்கினர். சோம்பல் ஆன்மாவின் உயிர்நிலையையே அரிக்கும் தீமை எனக் கண்டனர். அவ்வுண்மையை அவர்கள் தெளிவுறக் கண்ட இடம் எகிப்து நாட்டுப் பாலைவனம்.

கி.பி. நான்காம் நூற்றாண்டில் இறைவனையே நாடிய மக்கள் பலர், ஊரும் உறவும் துறந்து, அப்பாலைவனத்தில் சிற்றறைகள் அமைத்து வாழ்ந்தனர். வழிபாடும் கைத்தொழிலும் அவர்தம் இரு கண்கள். பேரீச்ச ஓலையால் கூடை முடைந்தும் கயிறு திரித்தும் தம் உணவைத் தாமே தேடிக்கொண்டனர். அவர்களுள் ஒருவர் எவகிரியர். கருங்கடற் கரையை அடுத்த பொந்து நாட்டிற் பிறந்த அவர், கான்சுடான்டிநோபிள் நகரில் நாவன்மையாற் புகழ்பெற்றுப் பின்னர்த் துறவு பூண்டு, 399ஆம் ஆண்டில் எகிப்திலேயே மறைந்தார். மனிதரை வீழ்த்தும் தீய எண்ணங்கள் எட்டு என வகுத்த அவர், அவற்றுள் மிகக் கொடியது சோம்பலே என்றார்; அதற்கு ‘நண்பகற் பேய்’ என்னும் பெயரையும் சூட்டினார்.

ஏன் இப்பெயர்? ஏனைய தீமைகள் இருளில் வரும். இதுவோ, முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, கதிரவன் உச்சியில் காயும் வேளையில் வரும். அப்போது துறவிக்குப் பொழுது நகராதது போல் தோன்றும். உண்ணும் வேளை இன்னும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று அடிக்கடி வெளியே வந்து கதிரவனை நோக்குவான். யாரேனும் வருகின்றனரோ என வழியைப் பார்ப்பான். முதலில் தன் அறையை வெறுப்பான். பின்பு தன் தொழிலை வெறுப்பான். அதன்பின், தன்னிடம் அன்பு காட்டுவார் ஒருவரும் இல்லையென உடனுறையும் சகோதரரை வெறுப்பான். வேறோர் இடம் சென்றால் நன்றாக வாழலாம் என எண்ணுவான். முடிவில், எதற்காக இங்கு வந்தானோ அந்த இறைவனையே மறப்பான். படிப்படியாக இறங்கும் இவ்வீழ்ச்சியே சோம்பலின் ஆபத்து.

இந்நோயைக் கிரேக்க மொழியில் ‘அக்கீடியா’ என்றனர். ‘அக்கறையின்மை’ என்பது அதன் பொருள். ஆகவே, சோம்பல் என்பது கைகால்களின் ஓய்வு மட்டுமன்று. அன்பு செய்ய வேண்டிய உள்ளம் அக்கறை அற்றுப்போவதே சோம்பல். அது எப்போதும் பாயில் படுத்திருப்பதில்லை. சில வேளை சுறுசுறுப்பின் முகமூடியையும் அணிந்து வரும். எகிப்துத் துறவியரிடம் பயின்று, பின்னர் மார்செய் நகரில் மடங்கள் நிறுவிய காசியன் என்பார் இதனை நுட்பமாகக் காட்டினார். “தொலைவில் ஒருவர் நோயுற்றிருக்கின்றாரே, சென்று காண்பது அறமன்றோ?” என்று சோம்பல் நல்லுரை கூறுமாம். கைக்கண் உள்ள கடமையை விட்டு ஓடுவதற்கு அறமே சாக்காகிவிடுகிறது!

இயேசுநாதர் கூறிய தாலந்து உவமையும் இங்கு நினைக்கத்தக்கது. தலைவன் தந்த பொருளை ஊழியர் இருவர் பெருக்கினர். மூன்றாமவன் மண்ணிற் புதைத்து வைத்தான். அவன் திருடவில்லை, செலவழிக்கவும் இல்லை, பெற்றதைக் குறைவின்றித் திருப்பித் தந்தான். எனினும் தலைவன் அவனைச் சோம்பேறி எனக் கடிந்து வெளியே தள்ளினான். தீமை செய்தல் மட்டுமே பாவம் என எண்ணுவோர்க்கு இவ்வுவமை ஓர் எச்சரிக்கை. செய்யத்தக்க நன்மையைச் செய்யாது விடுதலும் பாவமே.

இதற்கு மருந்து யாது? வனத்து அந்தோணியாரும் ஒருகால் இச்சோர்விற் சிக்கினார். என் செய்வதென அறியாது இறைவனிடம் முறையிட்டார். அப்போது தம்மைப் போன்ற ஒருவர் அமர்ந்து கயிறு திரிப்பதும், எழுந்து வேண்டுவதும், மீண்டும் அமர்ந்து தொழில் செய்வதுமாக இருக்கக் கண்டார். வழிகாட்ட வந்த வானதூதர் அவர் என உணர்ந்தார்; அவ்வாறே செய்து மீண்டார். பெருஞ்செயல் எதுவும் அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. சிறிது தொழில், சிறிது வழிபாடு, மீண்டும் தொழில் என்பதே கிடைத்த மருந்து.

காசியன் வேறொரு துறவியின் வரலாற்றையும் எழுதியுள்ளார். பவுல் என்னும் அம்முதியவர் வாழ்ந்த இடத்திற்கும் ஊருக்கும் இடையே ஏழு நாள் வழி. முடைந்தவற்றை விற்கக் கொண்டுசென்றால், கூலி விலையினும் மிகும். பேரீச்ச மரங்களும் சிறு தோட்டமும் அவருக்கு உணவளித்தன. ஆயினும் அவர் நாள்தோறும் ஓலை சேர்த்துத் தமக்குரிய அளவு வேலையைத் தவறாது செய்தார். ஆண்டு முடிவில் குகை நிறைந்தவுடன் அனைத்தையும் தீயிட்டு எரித்து, மறுபடியும் தொடங்கினார். எரிந்தது ஓலை, எஞ்சியது தூய உள்ளம். உழைப்பு பொருளுக்காக மட்டுமன்று, உழைப்பவனுக்காகவும் என்பதை இதனினும் தெளிவாக யார் உணர்த்த வல்லார்?

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்டு தம் மடத்திற்கு வகுத்த ஒழுங்கில், நாள்தோறும் கைத்தொழிலுக்கும் தூய நூல்களைப் பயில்வதற்கும் வேளை குறித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பேரறிஞர் தாமஸ் அக்குவினாஸ், இறைவன் தரும் நன்மையில் மகிழ வேண்டிய உள்ளம் அதனையே சுமையாக எண்ணி வருந்துதல் சோம்பல் என விளக்கினார். கிறித்தவர் கூறும் தலையான பாவங்கள் ஏழனுள் சோம்பலும் ஒன்றாயிற்று.

ஓய்வு வேறு, சோம்பல் வேறு. ஏழாம் நாளில் ஓய்ந்திருக்க விவிலியமே கட்டளையிடுகின்றது. நோயாலும் மனத்தளர்ச்சியாலும் செயலற்றிருப்போரைச் சோம்பேறி என இகழ்தலும் தகாது. அவர்க்கு வேண்டுவன மருந்தும் பரிவுமே. ஓய்வு மனிதனைக் கடமைக்கு மீட்டுத் தரும். சோம்பலோ கடமையிலிருந்து அவனைக் களவாடிச் செல்லும்.

பாலைவனத்துச் சிற்றறைகள் இன்று மணலில் புதைந்து கிடக்கின்றன. ஆனால் நண்பகற் பேய் புதைந்துவிடவில்லை. பாதி படித்த நூலை மூடச் செய்வதும், ‘நாளை’ என்று நாவிற் பேசுவதும் அதுவே. அதனை ஓட்டுவதற்கு நெடும்படை வேண்டுவதில்லை. இருந்த இடத்தில் இருந்து, எடுத்த கயிற்றில் இன்னும் ஒரு முழம் திரித்தால் போதும்.