சுயநினைவு இழந்தவரின் சொத்தும் காப்பாளரின் பொறுப்பும்

பக்கவாதத்தாலோ சாலை விபத்தாலோ சுயநினைவு இழந்தவரின் மருத்துவச் செலவுக்கு அவருடைய சொந்தப் பணத்தையே எடுக்க முடியாமல் குடும்பம் திணறுவது இந்தியாவில் வழக்கமாகிவிட்டது. நாமினி என்று பதிவானவர் வைப்புதாரர் இறந்த பின்னரே பணத்தைக் கோர முடியும். வாரிசுச் சான்றிதழும் அப்படியே. முன்னரே எழுதி வாங்கிய பவர் பத்திரம் கைகொடுக்கும் என்று நம்புவோர் பலர். ஆனால் எழுதிக்கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் முகவரின் அதிகாரமும் முடிந்துவிடும் என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு கூறுவதால், அதைக் காட்டி அதன்பின் நடத்தும் விற்பனை வழக்கில் போய் நிற்கக்கூடும்.

காப்பாளர் என்பவர், தம் காரியங்களைத் தாமே கவனிக்க இயலாத ஒருவரின் நலனையும் சொத்தையும் பேணச் சட்டப்படி அதிகாரம் பெற்றவர். 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் மைனர்களுக்கு மட்டுமே உரியது. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோரை உள்ளடக்குகிறது. கோமாவில் இருப்பவர் இவ்விரண்டிலும் அடங்காததால், அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகுவதே வழியாக உள்ளது. 2024இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்துச் சொத்தை விற்க அனுமதித்தபோதும், 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரிலேயே வைப்புத்தொகையாக வைத்து வட்டியை எடுத்துக்கொள்ளுமாறு பணித்தது. காப்பாளர் சொத்தின் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதை இந்த நிபந்தனை தெளிவாக்குகிறது.

நியமன ஆணை கைக்கு வந்தபின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் சொத்து, வரவேண்டிய தொகை, கடன் ஆகியவற்றின் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதங்களுக்குள் வரவு செலவுக் கணக்கையும் அளிக்க வேண்டும். கோமா நோயாளிகளுக்காக 2019இல் கேரள உயர் நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கேட்கின்றன. இது தொல்லையாகத் தோன்றினாலும், உடன்பிறந்தோரின் சந்தேகத்திலிருந்து காப்பாளரைக் காக்கும் கவசமும் இதுவே. ஆகவே தம் சொந்தக் கணக்கோடு கலக்காத தனி வங்கிக் கணக்கு வழியாகவே எல்லாச் செலவையும் நடத்துவது நல்லது. மருந்துக்கடை ரசீதுகள் பெரும்பாலும் வெப்ப அச்சுத் தாளில் வருவதால் சில மாதங்களில் எழுத்து மங்கி வெற்றுத்தாளாகிவிடும். அவற்றை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வைப்பதும், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்பவரிடம் சம்பளம் கொடுக்கும்போதே வவுச்சரில் கையெழுத்து வாங்குவதும் சிறிய வேலைகளே. பிற்காலத்தில் கேள்வி எழுவது பெரும்பாலும் இத்தகைய சில்லறைச் செலவுகளைப் பற்றித்தான்.

வருமான வரிக் கணக்கைக் காப்பாளரே பிரதிநிதி என்ற முறையில் தாக்கல் செய்ய வேண்டும். ஓய்வூதியம் இருந்தால் ஆண்டுதோறும் தரவேண்டிய உயிர்வாழ்வுச் சான்றையும் தவறவிடக்கூடாது. வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ நியமன ஆணையில் அனுமதி இல்லையெனில், முன்பணம் வாங்கும் முன்பே நீதிமன்றத்தின் தனி அனுமதியைப் பெற்றாக வேண்டும்.

காக்கப்பட்டவர் இறந்த நாளோடு காப்பாளரின் அதிகாரமும் முடிகிறது. மீதித் தொகை, காப்பாளர் மனைவியே ஆனாலும் மகனே ஆனாலும், உயில்படியோ வாரிசுரிமைச் சட்டப்படியோதான் பிரியும்.