கம்பியை எடுத்தால் நெஞ்சு மறுபடி குழியாதா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. சிறு வயதில் லேசாகத் தெரிந்த நெஞ்சுக்குழி, இரண்டு வருடங்களாக ஆழமாகிக்கொண்டே போகிறது. சட்டையைக் கழற்றவே கூச்சப்படுகிறான். கால்சியம் குறைவு, தண்டால் எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். டாக்டரோ உள்ளே கம்பி வைத்து, மூன்று வருடம் கழித்து எடுக்கலாம் என்கிறார். எடுத்ததும் பழையபடி குழி விழாதா?

பதில்: அம்மா, இந்தச் சிகிச்சையின் சூட்சுமத்தையே கேட்டுவிட்டீர்கள்!

முதலில் உறவினர்கள் சொன்னது. இது கால்சியம் குறைவால் வருவதில்லை. மாத்திரையால் குழி மேடாவதும் இல்லை. தண்டால் எடுத்தால் தசை திரளும், கூனல் நிமிரும், பார்வைக்குச் சற்றுத் தேறும். ஆனால் உள்ளே போன எலும்பைத் தசையால் வெளியே இழுக்க முடியாது.

கோளாறு குருத்தெலும்பில் இருக்கிறது. விலா எலும்புகளை நடுநெஞ்சு எலும்போடு இணைக்கும், வளையக்கூடிய பகுதி அது. அதன் வளர்ச்சி சீராக இல்லாததால் நடு எலும்பு உள்ளே தள்ளப்படுகிறது என்பதே பரவலான விளக்கம். பருவ வயதில் உயரம் கிடுகிடுவென்று ஏறும்போது குழியும் ஆழமாகிறது. உங்கள் வளர்ப்பில் எந்தக் குறையும் இல்லை.

இதைச் சரிசெய்ய, 1949-இல் ராவிச் என்ற அறுவை மருத்துவர் விவரித்த முறையில், கோணலான குருத்தெலும்புகளை அகற்றி, நடு எலும்பையும் வெட்டி நிமிர்த்துவார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டொனால்ட் நஸ் வேறு விதமாக யோசித்தார். நாள்பட்ட நுரையீரல் நோயில் வயதானவர்களின் நெஞ்சுக்கூடுகூடப் பீப்பாய் போல உருமாறுகிறதே, அப்படியானால் பிள்ளைகளின் நெஞ்சை ஏன் வெட்ட வேண்டும்? 1987-இல் முதல் அறுவையைச் செய்தார். 1998-இல் முடிவுகளை வெளியிட்டார்.

அவரது முறை இதுதான்: நெஞ்சின் இரு பக்கமும் சிறு கீறல். டாக்டர் கம்பி என்று சொன்ன, பையனின் நெஞ்சுக்கு ஏற்ப வளைத்த உலோகப் பட்டையை, உள்நோக்குக் கேமராவில் பார்த்தபடி, இதயத்துக்கும் நடு எலும்புக்கும் இடையே நுழைப்பார்கள். அப்போது அதன் வளைவு முதுகுப் பக்கம் பார்த்திருக்கும். பிறகு பட்டையை அப்படியே புரட்டுவார்கள். குழி அந்தக் கணமே மேலே எழும்பிவிடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். கம்பியை மறுநாளே எடுத்தால் நெஞ்சு திரும்பக் குழியும். அதற்காகத்தான் சுமார் மூன்று வருடம். பல்லுக்குக் கட்டும் கம்பி போல, அது தாங்கிப் பிடிக்கும் காலத்தில் குருத்தெலும்பு புதிய வடிவத்துக்குப் பழகி உறுதிப்படுகிறது. எடுத்த பிறகும் பெரும்பாலோருக்கு வடிவம் நிலைக்கிறது. சிலருக்கு மட்டும் ஓரளவு திரும்பலாம். மிகச் சிறு வயதில் செய்தால் பின்னால் வரும் வளர்ச்சியில் குழி விழ வாய்ப்பு அதிகம். பெரியவர்களுக்கும் செய்யலாம், கூடு இறுகியிருப்பதால் இரண்டு பட்டைகள் தேவைப்படலாம், வலியும் கூடும்.

எல்லாக் குழிக்கும் அறுவை வேண்டாம். சி.டி. ஸ்கேனில் நெஞ்சின் உள் அகலத்தை, நடு எலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள இடைவெளியால் வகுத்தால் வருவது ஹாலர் எண். இயல்பில் 2.5 அளவில் இருக்கும். 3.25-ஐத் தாண்டி, மூச்சிரைப்போ இதயம் அழுந்துவதோ இருந்தால் அறுவையைப் பரிசீலிப்பார்கள். எக்கோ, நுரையீரல் பரிசோதனை முடிவுகளோடு டாக்டரிடம் பேசுங்கள். பட்டையின் உலோகத்தில் பொதுவாக நிக்கல் கலந்திருப்பதால், நிக்கல் நகையோ கடிகாரப் பட்டையோ பட்டு மகனுக்குத் தோல் அரித்ததுண்டா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ஒவ்வாமை இருந்தால் டைட்டானியம் பட்டை வைப்பார்கள். முதல் சில வாரங்கள் வலி இருக்கும் என்பதை அவனிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.