ஸ்டைபண்டில் பாதி சர்க்கார் பணம்!



ஆண்டு மலருக்குக் கவிதைகள் நிறைய வந்துவிட்டதாக ஆசிரியர் குழுவில் சொன்னார்கள். எனக்குக் கவிதை வராது. ஆகவே, இறுதியாண்டு வந்ததும் நம் எல்லோர் வாயிலும் புகுந்து விளையாடுகிற 'அப்ரண்டிஸ்' என்ற சொல்லைப் பற்றி நான் படித்ததையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன். இந்தச் சொல்லுக்குப் பின்னால் அரசாங்கத்தின் பணம் இருக்கிறது. யாருக்கு, எவ்வளவு, எதற்காக என்று தெரியாமலேயே நம்மில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

தொழில் பழகுநர் சட்டம் 1961-ல் இயற்றப்பட்டது. முதலில் ஐ.டி.ஐ. வகைத் தொழில்களுக்குத்தான் அது இருந்தது. பட்டதாரிப் பொறியாளர்களையும் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களையும் 1973-ம் ஆண்டுத் திருத்தம்தான் உள்ளே கொண்டு வந்தது. நமக்கான பயிற்சியைக் கவனிக்க சென்னை, மும்பை, கொல்கத்தா, கான்பூர் ஆகிய நான்கு ஊர்களில் மத்திய அரசின் வாரியங்கள் உள்ளன. தென் மண்டல வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

2014 டிசம்பரில் டிப்ளமோ பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 3,542 ரூபாயாக இருந்தது. 2019 செப்டம்பர் விதித் திருத்தத்தில் அது 8,000 ஆயிற்று, பட்டதாரிக்கு 9,000. இதை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று மத்திய பழகுநர் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரை செய்தது. ஆகவே நீங்கள் கையெழுத்துப் போடும் நாளில் அறிவிப்பில் என்ன தொகை இருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் குறைந்தபட்சத் தொகையில் சரிபாதியை மத்திய அரசு தருகிறது. 8,000 என்றால் 4,000 முதலாளியுடையது, 4,000 சர்க்காருடையது. முன்பெல்லாம் முதலாளி முழுத்தொகையையும் கொடுத்துவிட்டு, பிறகு பாதியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். 2024 ஜூலையில் புதிய இணையதளம் வந்ததிலிருந்து அரசின் பங்கு பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது.

இவ்வளவு தாராளமாகக் கொடுத்தும் நம் ஊர்ப் பட்டறைகளில் ஏன் அப்ரண்டிஸ் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்? இந்தக் கேள்வியோடு அவலூர்பேட்டை சாலைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். ஆறு பேர் வேலை செய்யும் இடம். அரிசி ஆலைகளின் ஷாஃப்ட், போர்வெல் சாமான், டிராக்டர் பாகம் எல்லாம் அங்கே வருகிறது. கணக்கைச் சொன்னேன். "வருஷத்துக்கு 48,000 ரூபாய் மிச்சம் அண்ணே" என்றேன். அவர் சிரித்தார்.

"தம்பி, பணம் இல்ல பிரச்சினை. உனக்குச் சொல்லிக் குடுக்கணும்னா எங்க பெரிய டர்னர் மெஷினை நிறுத்தணும். தினம் ஒரு மணி நேரம்னு வச்சுக்கோ. அந்த நேரத்துக்கு உங்க கவர்மெண்டு காசு குடுக்குதா?"

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 25 நாள், 12 மாதம், தினம் ஒரு மணி என்றால் 300 மணி நேரம். லேத் ஓடும் ஒரு மணிக்கு 300 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால் 90,000 ரூபாய்! அரசு தரும் 48,000 அதற்குப் பக்கத்தில் கூட வரவில்லை. நாம் வெட்டிக் கெடுக்கும் இரும்பும் ஒடிக்கும் டூல் பிட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்தத் திட்டத்தின் மையமான பலவீனம் இதுதான் என்பது என் கருத்து. அரசின் பணம் பழகுநரின் சோற்றுக்குப் போகிறது; சொல்லிக் கொடுப்பவரின் நேரத்துக்குப் போவதில்லை. அதனால் என்ன ஆகிறது? ஆளும் வேண்டும், செலவும் கூடாது என்று நினைக்கும் முதலாளி நம்மை எடுத்துக்கொள்கிறார், ஆனால் சொல்லிக் கொடுப்பதில்லை. பேக்கிங், பாரம் தூக்குதல், பில் கொடுத்துவிட்டு வருதல் என்று வருடம் ஓடிவிடும். நேர்மையாகச் சொல்லிக் கொடுக்க நினைக்கும் பட்டறைக்காரரோ கணக்குப் பார்த்துவிட்டு, "வேணாம்பா" என்று ஒதுங்குகிறார்.

பட்டறைக்காரர் இன்னொன்றும் சொன்னார். "கத்துக் குடுத்ததும் ஒரகடத்துக்கு பஸ் ஏறிடுவீங்க." அதுவும் பொய்யில்லை. பழைய காலத்தில் இதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் 1563-ல் வந்த சட்டம் தொழில் பழக ஏழு ஆண்டு என்று விதித்தது. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் குருவுக்கு நஷ்டம். மீதி ஆண்டுகளில் தேர்ந்த கையை மலிவாக வேலை வாங்கி அந்த நஷ்டத்தை ஈடுகட்டிக்கொள்ளலாம். பையனுக்கு அது கொடுமை என்பது வேறு விஷயம். நமக்கு வழக்கமாக ஒரே ஆண்டுதான். கை பழகும் நேரத்தில் சான்றிதழ் வந்துவிடுகிறது. முதலாளி போட்டதை எடுப்பது எப்போது? இன்றைய இங்கிலாந்து வேறு வழிக்குப் போயிற்று. 2017 ஏப்ரல் முதல் ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுனைத் தாண்டும் கம்பெனிகளிடம் அரை சதவீத வரி வாங்கி, அந்தப் பணத்தைப் பயிற்சிச் செலவுக்கே திருப்பித் தருகிறார்கள். ஆள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வரி உண்டு. பிறர் பழக்கிய ஆளைச் சும்மா தூக்கிக்கொண்டு போகும் பெரிய கம்பெனியும் தன் பங்கைக் கட்டியாக வேண்டும். எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

நம் நாட்டிலும் கட்டாயம் இல்லாமல் இல்லை. 2019 விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தன் ஆட்களில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். 200 பேர் உள்ள ஆலை குறைந்தது 5 பேரை எடுக்க வேண்டும், 30 பேர் வரை எடுக்கலாம். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு அது விருப்பம். நம் பட்டறைக்காரர் இந்த வகைதான். 2014 திருத்தம் பழைய சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, நிரப்பாத ஓர் இடத்துக்கு முதல் மூன்று மாதம் மாதம் 500 ரூபாய், பிறகு மாதம் 1,000 ரூபாய் என்று அபராதம் வைத்தது. பெரிய ஆலைக்கு இந்தத் தொகை எம்மாத்திரம்!

சரி, நமக்கு இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த சீனியர் அண்ணன் ஒருவர் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் 'டிரெயினி' என்று சேர்ந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். வாரியத்தில் ஒப்பந்தம் பதியவில்லை. பி.எஃப். பிடிக்கவில்லை. "டிரெயினிங்தானே, அதெல்லாம் அப்புறம்" என்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அரசு நிறுவனம் ஒன்று அப்ரண்டிஸ் விளம்பரம் கொடுத்தது. ஓர் ஆண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்று அதில் இருந்தது. இவர் உள்ளதை உள்ளபடி எழுதினார், தகுதி போயிற்று. வேறு கம்பெனிக்கு வேலைக்குப் போனால், "பி.எஃப். நம்பர் இல்லாத அனுபவம் என்ன அனுபவம்?" என்று கேட்டார்கள். அப்ரண்டிஸுக்கு அனுபவசாலி, வேலைக்கு அனுபவம் இல்லாதவர்! இரண்டு ஆண்டு உழைப்பு இரண்டு பக்கமும் கணக்கில் ஏறவில்லை.

முதலாளிக்கு மானியம் கொடுப்பது போதாது, மாணவனுக்கு விஷயம் தெரிய வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். 'டிரெயினி' என்று யாராவது கூப்பிட்டால், ஒப்பந்தம் வாரியத்தில் பதிவாகுமா என்று முதலில் கேளுங்கள். பதிவு எண் தராமல் இழுத்தடித்தால் அது அப்ரண்டிஸ் இல்லை. யாரிடம் பழகப் போகிறோம், எந்தப் பிரிவில் எத்தனை மாதம் என்பதையும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயம் வேண்டாம். பாதிப் பணம் பொதுப்பணம். சட்டப்படி பழகுநர் தொழிலாளி அல்ல, ஆனால் வேலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு உண்டு. முடிந்ததும் வேலை தரவேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்கு இல்லை, அங்கேயே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் நமக்கும் இல்லை. ஆனால் பழகி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றித் தனக்கென்று ஒரு கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் வகுத்திருக்க வேண்டும் என்கிறது 2014 திருத்தம். அந்தக் காகிதத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம் வாரியத்தின் வழியாக டிப்ளமோ பழகுநர்களை எடுப்பதுண்டு; திருவண்ணாமலை மண்டலமும் அதில் சேர்ந்ததே. கிரிவல நாளில் ஸ்பெஷல் பஸ் விடுகிற டிப்போவில் ஒரு வருடம் இருந்தால் டீசல் எஞ்சினைப் பற்றித் தெரியாதது இருக்காது என்று போய்வந்த அண்ணன்கள் சொல்கிறார்கள். செய்யாறு சிப்காட் ஆலைகளையும் விசாரிக்கலாம்.

ஒரு வருடம் முடிந்த பிறகு இன்னொரு சலுகையும் இருக்கிறது. பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனாவில், 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31-க்குள் உருவாகும் வேலைகளுக்கு, கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் முதலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வரை இரண்டு ஆண்டு கிடைக்கும். உற்பத்தித் துறைக்கு நான்கு ஆண்டு. முதன்முதலாகப் பி.எஃப்.-ல் சேரும் நமக்கு ஒரு மாதச் சம்பளம், 15,000 வரை, இரண்டு தவணையில் கிடைக்கும். சட்டப்படியான அப்ரண்டிஸுக்குப் பி.எஃப். கிடையாது, ஆகவே ஒரு வருடப் பயிற்சி முடித்தவரும் இந்தக் கணக்கில் புது ஆள்தான். பயிற்சியில் பாதி மானியம் பெற்ற அதே ஆலை, நம்மை நிரந்தரமாக எடுத்தால் மறுபடியும் பெறலாம். இன்டர்வியூவில் இதை நாமே எடுத்துச் சொல்வதில் தவறில்லை. பட்டறைக்காரரிடம் மட்டும் சொல்ல முடியாது: 20 பேருக்குக் கீழே உள்ள இடங்களுக்குப் பி.எஃப். கட்டாயமில்லை, பி.எஃப். இல்லாமல் இந்தப் பணமும் இல்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். அரசின் பங்கு நம் கணக்குக்கே வருவதால் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்மில் பலருக்கு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. ரிசல்ட் வருவதற்குள் சரிசெய்துகொள்ளுங்கள்.