தொலைநோக்கிக்கு எந்தத் தூண்?

சென்னை நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-இல் மெட்ராஸ் வானாய்வகம் கட்டப்பட்டபோது, விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறிக்கும் கருவியைத் தாங்குவதற்காக நட்டார்கள். எடை சுமார் 10 டன். ஆய்வுப் பணிகள் 1899-இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டன. தூண் இன்றும் இருக்கிறது. வீட்டிலேயே ஒரு சிறு வானாய்வகம் அமைக்க விரும்புகிறவர்கள் கூரைக்கு முன்பு தூணைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். கூரையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தூணைப் பெயர்த்து மாற்றுவது பெரும்பாடு.

தூணிடம் நாம் கேட்பது கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மீட்டர் உயரத் தூணின் தலை, ஒரு மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்கு சாய்ந்தாலே, பார்வை ஒரு ஆர்க்செகண்ட், அதாவது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு விலகிவிடும். நீண்ட நேரம் ஒளி சேர்த்துப் படமெடுக்கிறவர்களுக்கு அந்த அளவே விண்மீனை இழுத்துக் காட்டப் போதும். இதைத் தடுப்பது எடை என்று பலர் நம்புகிறார்கள். எடையைவிட அகலம் முக்கியம். உருண்டைத் தூணின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது: 10 அங்குல கான்கிரீட் தூணை 12 அங்குலமாக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு. உயரமும் அப்படித்தான். 4 அடியை 3 அடியாகக் குறைத்தால் வளைவு பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே கட்டைத் தூணாக, தடித்த தூணாகப் போடுங்கள். கண்வில்லை அடியில் இருக்கும் லென்ஸ் தொலைநோக்கிக்குக் கொஞ்சம் உயரம் தேவைப்படும். கண்வில்லை மேல்முனையில் இருக்கும் நியூட்டன் வகைக்குக் குட்டைத் தூணே வசதி.

சொந்த மண் இருந்தால் நான் கான்கிரீட்டையே சொல்வேன். 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழத்துக்கு வானம் தோண்டி, கம்பிக்கூடு கட்டி, அடித்தளத்தையும் தூணையும் ஒரே மூச்சில் போடுவது நல்லது. 12 மி.மீ. கம்பி ஆறு, அரையடிக்கு ஒன்றாக 8 மி.மீ. வளையம், ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை. எந்தக் கொத்தனாருக்கும் இது தெரிந்த வேலைதான். சென்ட்ரிங் பலகைக்குப் பதில் 12 அங்குல ஹியூம் குழாயை நிறுத்தி உள்ளே கலவையை நிரப்பினால் அச்சும் தூணின் பகுதியாகிவிடும். ஒரு வாரமாவது சாக்கு சுற்றி நீராற்ற வேண்டும். முழு வலு சேர 28 நாள் ஆகும். அதுவரை கருவியை ஏற்றாதீர்கள். கரிசல் மண்ணில் இந்த ஆழம் போதாது. அது மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் மண். கெட்டிச் சரளை தட்டும்வரை தோண்டுங்கள்.

கான்கிரீட்டோ இரும்போ, தூணும் அறையின் தளமும் ஒன்றையொன்று தொடவே கூடாது. சுற்றிலும் ஓர் அங்குல இடைவெளி விட்டு, தளம் போடும்போது தெர்மகோல் வைத்துப் பிரித்துவிடுங்கள். இந்த ஒன்றை விட்டுவிட்டால் நீங்கள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் வியாழனை நடுங்க வைக்கும்.

இரும்புக் குழாய்க்கு வேறு நியாயங்கள் உண்டு. வாடகை வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு போகலாம், பட்டறையில் ஒரே நாளில் வெல்டிங் செய்து வாங்கலாம். இரும்பு கான்கிரீட்டைப் போல ஏழெட்டு மடங்கு விறைப்பான பொருள்தான். ஆனால் குழாய் மெல்லியது. 5 மி.மீ. சுவருள்ள 6 அங்குலக் குழாயைவிட 12 அங்குல கான்கிரீட் தூண் ஐந்து மடங்குக்கும் மேல் விறைப்பு. 8 அங்குலக் குழாய்க்குக் குறைந்து போகாதீர்கள். அடித்தகட்டோடு சேரும் இடத்தில் முக்கோணத் தகடுகள் நான்கு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். தட்டினால் குழாய் மணி போல ரீங்கரிக்கும். காய்ந்த மணலை நிரப்பினால் அந்த அதிர்வு சீக்கிரம் அடங்கும். மணல் விறைப்பைக் கூட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். கடலோர ஊர்களில் ரெட் ஆக்சைடு மட்டும் தாங்காது, கால்வனைஸ் செய்வதே மேல்.

செங்கல் தூண் வேண்டாம்.

கருங்கல் கிடைக்கும் ஊர்க்காரர்கள் ஒற்றைக் கல்லைத் தாராளமாக யோசிக்கலாம். கான்கிரீட்டைவிட விறைப்பு, சுருங்காது, நீராற்ற வேண்டியதில்லை. ஓரடிச் சதுரத்தில் 6 அடிக் கல் சுமார் 450 கிலோ வரும். செயின் பிளாக் இல்லாமல் நிறுத்த முடியாது. போல்ட்டுகளைத் துளையிட்டு ரசாயனப் பசையால்தான் பதிக்க வேண்டும். செலவும் சிரமமும் உண்டு, ஆனால் இருநூறு ஆண்டு தாண்டி நிற்பதற்கு நுங்கம்பாக்கமே சாட்சி.

நகரத்தில் பலருக்கு வாய்ப்பது மொட்டைமாடிதான். ஸ்லாபின் நடுவில் தூண் வைப்பது வீண். அது நீங்கள் நடந்தாலே அதிரும் பரப்பு. வீட்டின் பில்லர் இருக்கும் இடத்துக்கு நேர்மேலே, அல்லது பீம்கள் குறுக்கிடும் இடத்தில் வையுங்கள். மேல்தளம் கட்டுவதற்கென்று பில்லர் கம்பிகளை நீட்டி விட்டிருக்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய. பொறியாளரிடம் காட்டிவிட்டு அந்தக் கம்பியிலிருந்தே மூன்றடித் தூணை எழுப்பினால் அதைவிட நல்ல மாடித் தூண் கிடையாது. தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடித்தால் அடுத்த மழையில் வீட்டுக்குள் ஒழுகும். மோட்டார், தண்ணீர்த் தொட்டி இரண்டிலிருந்தும் தள்ளியே இருங்கள். பகலில் வாங்கிய சூட்டை மாடி வெகுநேரம் கக்கும். கூர்மையான கோள் காட்சி வேண்டுமானால் பின்னிரவுக்குக் காத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு வரைபடங்களைப் பார்த்துக் கட்டுகிறவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஈக்குவடோரியல் மவுண்ட்டின் துருவ அச்சு நம் அட்சரேகை அளவுக்கே நிமிரும்: சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8. ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும் அச்சு. எடைக்கல் கீழே சுழலும்போது அகலமான தூணின் தலையில் இடிக்கும். அதனால் தடித்த கான்கிரீட் தூணின் மேல் முக்கால் அடி உயரத்துக்கு ஒல்லியான, கனத்த சுவருள்ள இரும்புத் துண்டு ஒன்றை வைத்து மவுண்ட்டை ஏற்றுவது நம் ஊருக்குப் பொருத்தம். சில மவுண்ட்டுகள் இவ்வளவு தாழ இறங்கவே இறங்காது. வாங்குமுன் குறைந்தபட்ச அட்சரேகையைக் கேளுங்கள். துருவ விண்மீனும் அதே தாழ்வில்தான் தெரியும் என்பதால் வடக்குச் சுவரை உயர்த்திவிடக் கூடாது.

மேல்தகடு அரை அங்குலத்துக்குக் குறையாத தடிமனில் இருக்கட்டும். நீண்ட போல்ட்டுகளில் தகட்டைத் தூக்கி நிறுத்தும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால் முழுத் தூணின் விறைப்பும் அந்த நான்கு போல்ட்டுகளில் கரைந்துபோகும். ரசமட்டம் பார்த்துச் சமன் செய்தபின், இடைவெளியில் சுருங்காத கிரௌட் நிரப்பிவிடுங்கள்.

ஈரக் கலவையில் போல்ட்டுகளை இறக்குமுன் வடக்கைக் குறித்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தூக்குக்குண்டு நூலின் உச்சிவேளை நிழல் சரியான வடக்கு–தெற்குக் கோடு தரும்; ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் தலைக்கு மேல் வருவதால் நிழலே இருக்காது. அந்த மாதங்களில் இரவில் அதே நூலைத் துருவ விண்மீனோடு ஒட்டிப் பார்த்துத் தரையில் கோடு போடுங்கள்; ஒரு டிகிரிக்குள் அமைந்துவிடும், மிச்சத்தை மவுண்ட்டின் திருகுகள் பார்த்துக்கொள்ளும். மின்சாரத்துக்கு ஒன்று, கணினிக் கேபிளுக்கு ஒன்று என இரண்டு பிவிசி குழாய்களையும் அன்றே உள்ளே புதைத்துவிடுங்கள்.