தோற்றோர் பெயரால் ஒரு பரணி: ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010) திரைப்படத்தில் வரலாறும் புனைவும்

ஆய்வுச்சுருக்கம்

செல்வராகவன் இயக்கத்தில் 2010 பொங்கலுக்கு வெளிவந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ மிகை நீளமும் கட்டுப்பாடின்மையும் உடைய படம் என்னும் மதிப்பீடு பரவலாக உள்ளது. அம்மதிப்பீடு படத்தின் எப்பகுதிக்குப் பொருந்தும், எப்பகுதிக்குப் பொருந்தாது என்பதைக் கலிங்கத்துப்பரணியின் அமைப்போடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பரணி, இந்திரசாலம், கூளி, சோழர் வீழ்ச்சி, வரலாற்றுப் புனைவு

முன்னுரை

மூன்றாம் இராசேந்திரனின் ஆட்சிக்குறிப்புகள் 1279ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. சோழநாடு மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆளுகைக்கு உட்படுகிறது. கல்வெட்டுகள் வாய்மூடும் இந்த இடத்தில்தான் படம் வாய்திறக்கிறது. பாண்டியரின் குலதெய்வச் சிலையோடு சோழ இளவரசன் ஒருவன் கடல்கடந்து அனுப்பப்படுகிறான். அவன் வழியினர் வியட்நாமை அடுத்த ஒரு தீவில் இன்றளவும் மறைந்து வாழ்கின்றனர். சான்றில்லாத வெளியைப் புனைவு நிரப்புவதில் குற்றம் காண இயலாது. சான்றுள்ள வெளியைப் புறக்கணிப்பது வேறு வகையானது; படத்தின் முதற்குறை அங்கேதான் உள்ளது.

சான்று தரும் பகை

பாண்டியரின் வன்மம் எழுநூறு ஆண்டுகள் குன்றாது தொடர்வதாகப் படம் கற்பிக்கிறது. கல்வெட்டுகள் காட்டும் பகை இத்தனை எளிமையானதன்று. 1216இல் அரியணையேறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான். பின் சோழனுக்கே முடியைத் திருப்பியளித்துச் ‘சோணாடு வழங்கியருளிய’ என்னும் சிறப்பையும் பெற்றான். பட்டினப்பாலை பாடிய புலவருக்கு வழங்கப்பட்ட பதினாறுகால் மண்டபத்தை மட்டும் அவன் இடிக்காது விட்டதாகத் திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் கூறுகிறது. அழிப்பவன் ஒரு நூலின் பொருட்டுத் தயங்கி நிற்கும் இக்காட்சியை விஞ்சும் கற்பனை படத்தில் இல்லை. இவ்வளவு வளமான மூலப்பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் இயக்குநர் அதைத் தொடவில்லை.

பரணியும் படமும்

வரலாற்றோடு மாயத்தைக் கலப்பது தமிழுக்குப் புதிதன்று. முதற் குலோத்துங்கன் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் தலைமையில் நிகழ்ந்த கலிங்கப்போர் மெய்யான நிகழ்ச்சி. செயங்கொண்டார் அதைப் பேய்களின் வாயிலாகச் சொன்னார். சோழர் மரபுகூட இமயத்தில் கரிகாலன் எழுதிவைத்த செய்தியாகவே இராசபாரம்பரியத்தில் வருகிறது. அங்கே மாயம் வரலாற்றைச் சுமந்துவரும் ஊர்தி.

படத்தின் பிற்பகுதியைப் பரணி கற்ற ஒருவர் பார்த்தால் பல உறுப்புகள் தலைகீழாக நிற்பதைக் காண்பார். பாழ்நகரில் மூவரும் மதிமயங்கி அலையும் பகுதி இந்திரசாலத்தை நினைவூட்டுகிறது. அங்கே மாயம் கற்ற முதுபேய் போர்க்களத்தைத் தோற்றுவிக்க, பசித்த பேய்கள் பாய்ந்து வெறுநிலத்தில் விழும். குகைக்குள் கரிபடிந்த உடலோடு உணவின்றி வாழும் சோழர், காளி கோயிலில் பசியால் முறையிடும் பேய்களின் நிலையில் உள்ளனர். தஞ்சைக்கு அழைத்துச்செல்லத் தூதன் ஒருவன் வருவான் என்று அவர்கள் காத்திருக்கின்றனர். பரணியில் களத்தைக் கண்டுவந்த கூளி காளியிடம் செய்தி சொல்ல, பேய்களுக்கு உணவு கிடைக்கிறது. படத்தில் தூதாக வருபவள் பாண்டியர் வழிவந்த அனிதா; அவள் குடிநீரைக் கெடுக்கிறாள், படையை அழைக்கிறாள். உண்மைத் தூதன் கூலித்தொழிலாளி முத்துவே என்பது பிந்தியே தெளிவாகிறது.

இயக்குநர் பரணியைக் கற்றே இவ்வாறு அமைத்தார் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. பரணி தோற்றவர் பெயரால் வழங்கும் இலக்கியம். கலிங்கத்துப்பரணி, தக்கயாகப்பரணி ஆகிய இரண்டும் அதற்குச் சான்று. அவ்வழக்கின்படி இப்படத்துக்குப் பொருந்தும் பெயர் ‘சோழப்பரணி’ என்பதாகும். ஆயின் பரணி வென்றவனின் களிப்பில் பிறப்பது. அதன் குருதியும் நிணமும் நகைச்சுவையோடு பரிமாறப்படுவது அதனாலேயே. அதே குருதியைத் தோற்றவர் பக்கம் நின்று காட்டும்போது நகை அற்றுப்போகிறது. 2009 மே மாத முள்ளிவாய்க்கால் அழிவுக்கு எட்டுத் திங்கள் கழித்து வந்த படத்தின் இறுதிக் காட்சிகளைப் பார்வையாளர் பலர் ஈழத்தோடு இணைத்துக் கண்டதற்கு இத்திரிபே காரணம் எனலாம்.

நீளம் பற்றி

ஏறத்தாழ அறுநூறு தாழிசைகள் கொண்ட கலிங்கத்துப்பரணியில் பேய்களின் பசி மிக விரிவாகப் பாடப்படுகிறது. அவ்விரிவு வீணாவதில்லை, களம் பாடியதில் கூழடுதல் அதற்கு விடையாகிறது. ஏறத்தாழ மூன்று மணிநேரம் ஓடும் படத்திலோ, சோழர் வைத்த ஏழு தடைகளுள் பெரும்பாலானவற்றுக்குப் பின்னர் விடையே இல்லை. கடலும் காட்டுமனிதரும் பாம்புகளும் வந்து போகின்றன. அவற்றை நீக்கினும் குகைக்காட்சிகளுக்கு இழப்பில்லை. விதிவிலக்கு, புதைமணலில் நடராசர் உருவாய் விழும் நிழல்மீது நடந்து கடக்கும் பகுதி. சோழரின் சமயமும் சூழ்ச்சியும் ஒரே காட்சியில் இணையும் இடம் அது. முத்துவின் எம்.ஜி.ஆர். பற்றும் இரு பெண்களின் பூசலும் முற்பகுதியில் பெருமளவு நேரத்தைப் பெற்றுப் பிற்பகுதியில் கைவிடப்படுகின்றன. கட்டுப்பாடின்மை என்னும் குற்றச்சாட்டு இங்கே முழுமையாகப் பொருந்தும்.

மொழியும் இவ்வகையில் எண்ணத்தக்கது. எழுநூறு ஆண்டுகள் தனித்துவிடப்பட்ட ஒரு கூட்டத்தின் பேச்சு தனக்கெனக் கிளைமொழி ஒன்றை வளர்த்திருக்கும். படத்தின் சோழர் பேசுவது அரசவை நாடகத்தின் செந்தமிழ். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் காணும் வடசொற்கலப்பும் வழக்குச்சொற்களும் அதில் அருகியே உள்ளன. பசித்த மக்கள் அலங்கார நடையில் பேசும்போது பசியின் கூர்மை மழுங்குகிறது.

இறுதிப்போரும் அதன் பின்வரும் அழிவும் நீளமானவையே; ஆயினும் அந்நீளம் தேவையானது. தோல்வியை விரைந்து கடக்க விடாமல் பார்வையாளரை அங்கேயே நிறுத்துகிறது படம். அதற்குள்ளும் ஒரு வேறுபாடு காணவேண்டும். மன்னன் கட்டுண்டு இழுக்கப்படுவதைக் காட்டும் பொறுமை பொருளோடு இசைகிறது. சோழப் பெண்கள் சிதைக்கப்படுவதைக் காட்டும் விரிவு, அவர்களுள் எவருக்கும் அதுவரை ஒரு பெயரும் குரலும் தரப்படாமையால், துயரத்தைவிடக் காட்சிக்கே துணைபோகிறது.

பரணியில் கூழுண்ட பேய்கள் குலோத்துங்கனை வாழ்த்தி முடிக்கும். இங்கே வாழ்த்துவதற்குக் குகையில் எவரும் எஞ்சவில்லை. சோழ இளவரசனைக் காப்பாற்றிக்கொண்டு முத்து மட்டும் வெளியேறுகிறான்.