முதல் ஆண்டு முடிந்த பின் கல்லூரி மாறலாமா?

ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் நம் சங்கத்துக்கு வரும் பெற்றோர் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பிளஸ் டூவில் பையனுக்கு மார்க் குறைந்துவிட்டது சார். கிடைத்த காலேஜில் சேர்த்தோம். ஒரு வருஷம் ஓடிவிட்டது. இனி நல்ல காலேஜுக்கு மாற்ற முடியுமா?"

நான் கல்வித்துறையைச் சேர்ந்தவன் அல்லன். பொறியியல் டிப்ளமாவோடு ரயில்வேயில் சேர்ந்து, பதவி உயர்வுத் தேர்வுகள் எழுதி, அதிகாரியாக ஓய்வு பெற்றவன். என் பிள்ளைகளுக்காகவும் காலனிப் பிள்ளைகளுக்காகவும் பல அலுவலகங்களின் படியேறி இறங்கியதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெற்றோருக்கு ஒரு சொல். மாற்றலாகிப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் மதிப்பெண் குறைவதற்குச் சோம்பல் மட்டுமே காரணமாக இருப்பதில்லை. எட்டாம் வகுப்பு ஓர் ஊரில், பத்தாம் வகுப்பு வேறு ஊரில். பாடத்திட்டமும் மாறும், இரண்டாம் மொழியும் மாறும். ஆகவே பழைய மதிப்பெண் பட்டியலைத் தினமும் எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளையைக் குத்திக் காட்ட வேண்டாம். இனி என்ன வழி என்று பார்ப்போம். வழிகள் நான்கு இருக்கின்றன.

1. அதே படிப்பு, வேறு கல்லூரி

இரண்டாம் ஆண்டில் நேராக வேறு கல்லூரிக்கு மாறுவதற்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி விதி உண்டு. பொதுவாக நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: புதிய கல்லூரியில் காலியிடம், இரு கல்லூரிகளின் சம்மதம், பாடத்திட்டப் பொருத்தம், முதல் ஆண்டில் அரியர் இல்லாமை. இவற்றில் பிள்ளையின் கையில் இருப்பது கடைசி ஒன்றுதான். எனவே மாற நினைக்கும் மாணவன் இப்போதுள்ள கல்லூரியை வெறுத்து வகுப்புக்குப் போகாமல் இருந்தால், வெளியே போகும் கதவைத் தானே சாத்திக்கொள்கிறான்.

2021-ல் யு.ஜி.சி. கொண்டுவந்த கல்வி மதிப்பீட்டு வங்கி இதற்குத் துணை செய்கிறது. ஓரிடத்தில் படித்துத் தேறிய பாடங்களின் கிரெடிட்டுகள் மாணவன் பெயரில் கணக்கு வைக்கப்பட்டு, அதிகபட்சம் ஏழாண்டு வரை செல்லும். ஆனால் பட்டம் வழங்கும் கல்வி நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டுகளைப் பெற்றிருக்க வேண்டும். வங்கியில் கணக்கு இருப்பதாலேயே எந்தக் கல்லூரியும் இடம் தந்துவிடாது. இடம் வேறு, கிரெடிட் வேறு.

2. மறுபடியும் நுழைவுத் தேர்வு

கலை, அறிவியல், வணிகவியல் மாணவர்களுக்கு இது நல்ல வழி. 2022 முதல் டில்லிப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்கள் சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் மூலம் இளநிலைப் படிப்புகளுக்கு மாணவரைச் சேர்க்கின்றன. முன்பு தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது சதவீதம் என்று கட் ஆஃப் கேட்டு மிரட்டிய கல்லூரிகளிலும் இன்று தரவரிசையை முடிவு செய்வது இந்தத் தேர்வின் மதிப்பெண்தான். சென்ற ஆண்டே பிளஸ் டூ முடித்தவரும் எழுதலாம். பிளஸ் டூவில் தடுக்கி விழுந்த பிள்ளைக்கு இது இரண்டாவது வாய்ப்பு. ஆனால் சாதாரணமாக மறுபடி முதல் ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

3. டிப்ளமா வழியாக இரண்டாம் ஆண்டு பி.டெக்.

இது நான் நன்கறிந்த பாதை. மூன்றாண்டு டிப்ளமாவில் 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதம் பெற்றிருந்தால், ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரத் தகுதி உண்டு. இங்கே போட்டியில் நிற்பது டிப்ளமா மதிப்பெண்ணோ தனி நுழைவுத் தேர்வோதான். பிளஸ் டூ பட்டியல் பின்னுக்குப் போய்விடுகிறது. மகாராஷ்டிரத்தில் டிப்ளமா மதிப்பெண் அடிப்படையில் இடம் தருகிறார்கள். மேற்கு வங்கத்தில் ஜெலெட், கர்நாடகத்தில் டி.சி.இ.டி., ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இ.செட் என்று தேர்வுகள் உண்டு. ஐ.ஐ.டி.களில் பி.டெக். படிப்புக்கு இந்த வழி கிடையாது.

அறிவியல் பாடங்களோடு பிளஸ் டூ தேறியவரைப் பல மாநிலங்களில் டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். அதாவது டிப்ளமா இரண்டு ஆண்டில் முடியும்.

4. பி.எஸ்ஸி. முடித்து பி.டெக்.

பிளஸ் டூவில் கணிதம் படித்து, பி.எஸ்ஸி.யில் 45 சதவீதம் பெற்றவரும் இரண்டாம் ஆண்டு பி.டெக். சேரத் தகுதியுடையவர். முதல் ஆண்டுப் பாடங்களான பொறியியல் வரைபடத்தையும் இயந்திரவியலையும் கூடவே எழுதித் தேற வேண்டும். இந்த வழியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு எல்லா மாநிலங்களிலும் ஒரே மாதிரி இல்லை. விசாரித்துக்கொள்ளவும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பி.எஸ்ஸி. முதல் ஆண்டு முடித்த மாணவன் பொறியாளனாக விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். டிப்ளமா வழியில் போனால் கழிந்த ஓர் ஆண்டு, டிப்ளமா இரண்டு, பி.டெக். மூன்று, ஆக ஆறு ஆண்டுகள். மூன்றாண்டு பி.எஸ்ஸி.யை முடித்துப் போனாலும் மூன்றும் மூன்றும் ஆறுதான். நேராகச் சேர்ந்தவனுக்கு நான்கு ஆண்டுகள். ஆக இரண்டு வழியிலும் தாமதம் இரண்டு ஆண்டுகளே.

பின் எதைத் தேர்ந்தெடுப்பது? நடுவில் குடும்பச் சூழ்நிலையால் படிப்பு நின்றால் கையில் என்ன இருக்கும் என்று பாருங்கள். ஒரு வழியில் டிப்ளமா இருக்கும். அதை வைத்து ரயில்வேயின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வு எழுதலாம். மறு வழியில் ஒரு பட்டம் இருக்கும். பட்டம் கேட்கும் தேர்வுகளை எழுதலாம். பிள்ளைக்குப் பட்டறையில் கை ஓடுகிறதா, புத்தகத்தில் மனம் ஓடுகிறதா என்பதைக் கவனித்து முடிவு செய்யுங்கள்.

கவனிக்க வேண்டியவை

அடுத்த வண்டியில் இடம் உறுதியாகாமல் இருக்கிற வண்டியை விட்டு இறங்கக் கூடாது. புதிய இடத்தின் ஆணை எழுத்தில் வந்த பிறகே மாற்றுச் சான்றிதழ் வாங்குங்கள். பல்கலைக்கழகம் மாறினால் இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். மதிப்பெண் பட்டியலோடு முதல் ஆண்டுப் பாடத்திட்டத்தின் சான்றளித்த நகலையும் வாங்கி வையுங்கள். பாடப் பொருத்தம் பார்க்க அதைத்தான் கேட்பார்கள்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் நிறுத்தி வைக்கக் கூடாது என்பது 2018-ல் யு.ஜி.சி. வெளியிட்ட அறிவிப்பு. மறுத்தால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்தில் முறையிடலாம். 2023 விதிகளின்படி அதற்கு மேல் குறைதீர்ப்பாளரும் உண்டு.

"ஏ.எம்.ஐ.இ. எழுதச் சொல்" என்று பெரியவர்கள் சிலர் இன்னும் யோசனை சொல்கிறார்கள். என் தலைமுறை டிப்ளமாக்காரர்கள் பலரை அது உயர்த்தியது உண்மை. ஆனால் பட்டத்துக்கு நிகர் என்று மத்திய அரசு அளித்த அங்கீகாரம் 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களோடு நின்றுவிட்டது. அதை நம்பி இன்றைய பிள்ளையை இறக்க வேண்டாம்.

"வருஷம் வீணாகாது, நேராக மூன்றாம் ஆண்டு" என்று முன்பணம் கேட்கும் தரகர்களையும் நம்ப வேண்டாம். யு.ஜி.சி. வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியல்களில் டில்லி முகவரிகள் பல இருந்திருக்கின்றன. பணம் கட்டுமுன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கும்போது பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. அங்கே பழைய மதிப்பெண் குறுக்கே நிற்கும். எல்லா வாசலும் அப்படி இல்லை. போட்டித் தேர்வு வைத்து எடுக்கும் அரசு வேலைகள் பலவற்றில் தேர்வில் வாங்கும் மதிப்பெண்ணே பேசும்.

மாறுவதா வேண்டாமா என்ற முடிவைப் பிள்ளையோடு சேர்ந்து எடுங்கள். கல்லூரியின் பெயருக்காக மட்டும் என்றால், இருக்கும் இடத்திலேயே நன்றாகப் படித்து மேற்படிப்புக்கு மாறுவது செலவும் அலைச்சலும் குறைந்த வழி. படிப்பே பிடிக்கவில்லை என்றால் தாமதிக்காமல் மாற்றுங்கள். இரண்டு ஆண்டு பிந்திப் பொறியாளரானவரை நாற்பது வயதில் யாரும் அடையாளம் கண்டு சொல்ல முடியாது. பிடிக்காத படிப்பில் சிக்கி அரியர் சேர்த்துக்கொண்டவருக்கு அந்தச் சுமை நெடுநாள் தெரியும்.