நியூ பிரன்சுவிக்: ஒரு மாகாணமும் இரு மொழிகளும்

கனடா நாடு பத்து மாகாணங்களையும் மூன்று ஆட்சிப் பகுதிகளையும் உடையது. அம்மாகாணங்களுள் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரண்டையும் தன் ஆட்சிமொழிகளாகக் கொண்டது நியூ பிரன்சுவிக் ஒன்றே. எண்ணிக்கையிற் சிறியதொரு சமூகத்தின் மொழி அரசில் எவ்வாறு நிலைபெறக் கூடும் என்பதை அறிய விழைவோர்க்கு இம்மாகாணம் நல்லதொரு பாடம்.

நிலமும் நீரும்

வடக்கே கியூபெக் மாகாணமும், மேற்கே அமெரிக்காவின் மெயின் மாநிலமும், கிழக்கே செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவும், தெற்கே ஃபண்டி வளைகுடாவும் இதன் எல்லைகளாம். பரப்பு ஏறத்தாழ 73,000 சதுர கிலோமீட்டர். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 7,75,610. நிலத்தின் பெரும்பகுதி காடு. செயின்ட் ஜான் ஆறு தலைநகர் பிரெடரிக்டன் வழியே பாய்ந்து ஃபண்டியிற் கலக்கிறது. அவ்வளைகுடாவின் உட்பகுதியில் சில இடங்களில் ஓதம் 16 மீட்டர் வரை உயரும். உலகின் மிக உயர்ந்த ஓதங்களுள் இஃது ஒன்று.

பதினேழாம் நூற்றாண்டில் இக்கரைகளிற் குடியேறிய பிரெஞ்சு மக்களே அக்கேடியர். உள்நீரை வெளியேற்றி, கடல்நீரைத் தடுக்கும் மதகுகளோடு அணை கோலி, உவர்ச் சதுப்பை அவர்கள் விளைநிலமாக்கினர். 1755இல் ஆங்கில ஆட்சியினர் அவர்களை நாடு கடத்தத் தொடங்கினர். எஞ்சியோரும் மீண்டு வந்தோரும் வடக்கு, கிழக்குக் கரைகளில் வேரூன்றினர். 1784இல் நோவா ஸ்கோஷியாவினின்று பிரிந்த நியூ பிரன்சுவிக், 1867இல் கனடாக் கூட்டாட்சியை உருவாக்கிய மாகாணங்களுள் ஒன்றாயிற்று.

ஆட்சி அமைப்பு

மன்னரின் சார்பாளராகத் துணைநிலை ஆளுநர் விளங்குகிறார். ஆட்சிப் பொறுப்பு முதலமைச்சரையும் அமைச்சரவையையும் சார்ந்தது. 1892இல் மேலவை நீக்கப்பட்டதால் சட்டமன்றம் ஓரவையே உடையது. உறுப்பினர் 49 பேர். 2024ஆம் ஆண்டுத் தேர்தலின் பயனாகச் சூசன் ஹோல்ட் இம்மாகாணத்தின் முதற் பெண் முதலமைச்சரானார். பாதுகாப்பு, நாணயம் போன்றவை நடுவணரசுக்கு உரியவை. கல்வி, மருத்துவம் ஆகியவற்றின் பொறுப்பு பெரிதும் மாகாணத்திடம் உள்ளது.

மொழியுரிமை

மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டோர். எனினும் நெடுங்காலம் அரசு அலுவல்களில் ஆங்கிலமே கோலோச்சியது. 1960இல் அக்கேடியரான லூயி ரோபிஷோ முதலமைச்சரானார். 1963இல் பிரெஞ்சு வழிக் கல்விக்கென மாங்க்டன் பல்கலைக்கழகம் தோன்றியது. 1968இல் அதன் மாணவர்கள் நகரமன்றத்திற்குப் பேரணியாய்ச் சென்று இருமொழிச் சேவை வேண்டினர். அன்றைய நகரத் தலைவர் இசையவில்லை. மறு ஆண்டே, 1969இல், மாகாணம் ஆட்சிமொழிகள் சட்டத்தை இயற்றியது. 1982இல் இரு மொழிகளின் சமநிலை கனடாவின் அரசமைப்பில் இடம்பெற்றது. 1993இல் மொழிகளுக்கு மட்டுமன்றி, இரு மொழிச் சமூகங்களுக்கும் தத்தம் கல்வி, பண்பாட்டு நிறுவனங்களைப் பெறும் உரிமை உறுதியாயிற்று. 2002இல் மாங்க்டன் நகரமே இருமொழி நகராகத் தன்னை அறிவித்துக்கொண்டது.

இம்மண்ணின் மூத்த குடிகளாகிய மிக்மாக், வொலாஸ்டோக்கி மக்களின் மொழிகள் இத்தகுதியைப் பெறவில்லை என்பதும் மறக்கற்பாலதன்று.

மாணவச் செல்வங்களே! மொழியைப் பேசலாம் என்னும் இசைவு வேறு. அதனைக் கற்பிக்கப் பள்ளியும், அதில் முறையிட மன்றமும் பெறுவது வேறு. முன்னதோடு அமையாது பின்னதையும் வேண்டி நின்றமையாலேயே அக்கேடியரின் மொழி இன்று அரசில் இடம்பெற்று வாழ்கிறது.